தோப்பில் முளைத்த காளான் இரண்டு வகை: எதைச் சமைக்கலாம்? (பாபநாசம் பக்கம்)

குடமுருட்டி_மருமகள் | சனி, காலை 7.15

எல்லோருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையை ஒட்டி எங்கள் தோப்பு. வியாழன் ராத்திரியும் நேற்று ராத்திரியும் இடியோடு நல்ல மழை. விடியற்காலையில் கொழுந்தன் ஒரு கூடை காளான் பறித்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு வகை இருக்கிறது. ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனித் தாம்பாளத்தில் வைத்திருக்கிறேன்.

ஒன்று, தென்னந்தோப்பில் புல்லுக்கு நடுவே வட்டம் கட்டி முளைத்தது. வெள்ளைக் குடை, விரித்த கையைவிடப் பெரிசு. மேலே பழுப்பாகச் செதில் ஒட்டியிருக்கிறது. தண்டில் ஒரு வளையம், விரலால் தள்ளினால் மேலும் கீழும் நகர்கிறது.

இன்னொன்று, ஐயனார் கோவிலுக்குப் பின்னால் புற்று ஓரத்தில் முளைத்தது. சாம்பல் பூத்த வெள்ளை. குடையின் நடுவில் கூராக ஒரு மூக்கு. பாதி இன்னும் விரியாத மொட்டு.

மாமியார் புற்றுக்காளான் மட்டும் போதும், மற்றதைத் தூக்கிப் போடு என்கிறார். கொழுந்தனுக்கு அந்தப் பெரிய வெள்ளைமேல்தான் கண், சதை நிறைய இருக்கிறதே என்று. பக்கத்து வீட்டு அத்தையோ மஞ்சள் தண்ணீரில் போட்டுப் பார், நிறம் மாறாவிட்டால் எல்லாவற்றையும் சமைக்கலாம் என்கிறார். வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது. உலை வைக்கும் முன் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வல்லம்_மேட்டுக்காடு | சனி, காலை 7.48

அம்மா, கேட்டது நல்லதாகப் போயிற்று. பதில் தெளிவாகும்வரை எதையும் அடுப்பில் ஏற்ற வேண்டாம். உங்கள் மாமியார் சொல்வது சரி என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் எழுத்தை மட்டும் பார்த்து நான் உறுதி சொல்லக்கூடாது. சில விவரம் வேண்டும்.

புற்று ஓரத்தில் இருந்ததை வேரோடு எடுத்தாரா, தண்டோடு ஒடித்தாரா? புற்றுக்காளானின் தண்டு தரைக்குமேல் தெரிவதோடு நிற்காது. மண்ணுக்குள் மெலிந்துகொண்டே போய்க் கரையான் கூட்டுக்குள் இறங்கும். ஒரு முழம் போவதும் உண்டு. ஈரமண்ணில் மெதுவாக அசைத்து இழுத்தால் அந்த நீள வால் கூடவே வரும். ஒடித்து எடுத்துவிட்டால் இந்த முக்கிய அடையாளம் மண்ணிலேயே போய்விடும். இன்னும் இரண்டு மூன்று அங்கேயே நின்றால், கொழுந்தனை அனுப்பி ஒன்றை மட்டும் சுற்றி மண்ணைத் தளர்த்தி எடுத்துவரச் சொல்லுங்கள். புற்றை இடிக்க வேண்டாம். கோவில் புற்று என்பதால் மட்டும் சொல்லவில்லை. கூடு கலைந்தால் அடுத்த ஆண்டு அங்கே காளான் இல்லை.

அடுத்தது, குடையைத் திருப்பிப் பாருங்கள். வரிவரியாக இருக்கும் செவுள் தண்டைத் தொடாமல் விலகி நிற்க வேண்டும். மொட்டில் வெள்ளையாக இருக்கும், விரிந்ததில் லேசான ரோஜா நிறம் ஏறியிருக்கும். அந்த மூக்கைக் கிள்ளிப் பார்த்தால் கெட்டியாக இருக்கும், அதைக் கொண்டுதான் கெட்டி மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. தண்டின் அடியில் பை மாதிரி எதுவும் இருக்கக்கூடாது.

எங்கள் வல்லம் செம்மண் மேட்டில் புற்று அதிகம், இந்தக் காளானும் அதிகம். உங்கள் பக்கத்துக் களிமண் வயலில் கிடைக்காது. திடல், தோப்பு, கோவில் கொல்லை, மூங்கில் கொல்லை என்று தண்ணீர் நிற்காத மேட்டில்தான் வரும். நீங்கள் சொன்ன இடம் அதற்குப் பொருந்துகிறது.

கோரையாற்றுக்காரன் | சனி, காலை 8.20

மன்னார்குடிப் பக்கம் நாங்கள் மூன்று தலைமுறையாகச் சாப்பிடுகிறோம். மஞ்சளும் பூண்டும் போட்டு வேகவைத்துப் பார்ப்போம். பூண்டு கறுத்தால் விஷம், கறுக்கவில்லை என்றால் நல்ல காளான். ஆடு மாடு கடித்த தடம், புழு அரித்த ஓட்டை இருந்தால் அது இன்னும் நல்ல அறிகுறி. இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. எல்லாவற்றுக்கும் பயந்தால் நல்லது எதையும் சாப்பிட முடியாது.

பூஞ்சை_படிப்பு | சனி, காலை 9.05

தாவர நோயியல் படிக்கிறேன், சொந்த ஊர் ஒரத்தநாடு. கோரையாற்று அண்ணா, உங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை முழுதாக நம்புகிறேன். ஆனால் அதற்குக் காரணம் பூண்டு இல்லை. உங்கள் தாத்தா பாட்டிக்கு எந்த இடத்தில், எந்த மழைக்குப் பின், எந்தக் காளான் வரும் என்று தெரிந்திருந்தது. அவர்கள் கூடைக்குள் போட்டதே நல்ல காளானைத்தான். அதன்பிறகு பூண்டு போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

பூண்டு, மஞ்சள், வெள்ளிக்காசு, அரிசி எதுவுமே காளான் விஷத்தைக் காட்டாது. கொடிய விஷமான அமாடாக்சின் வெள்ளியைக் கறுக்க வைக்காது, மஞ்சளைச் சிவக்க வைக்காது, வாசனையும் தராது, கசக்கவும் செய்யாது. வேகவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் அழியாது. புழுவும் நத்தையும் அந்தக் காளானைத் தின்றுவிட்டு நன்றாகவே இருக்கும். அவற்றின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு.

அதனால்தான் மாமியார் சொன்னதையும் பக்கத்து வீட்டு அத்தை சொன்னதையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். மாமியார் சொல்வது ஒரு குறிப்பிட்ட காளானைப் பற்றிய அறிவு. இந்தப் புற்று, இந்த மூக்கு, இந்த மாதம் என்று கண்ணால் பார்த்து வளர்ந்தது. அத்தை சொல்வது எந்தக் காளானுக்கும் பொருந்தும் குறுக்குவழி. அப்படி ஒரு குறுக்குவழி உலகத்தில் எங்கேயும் இல்லை.

இப்போது அந்தப் பெரிய வெள்ளைக்கு வருகிறேன். புல்தரை, வட்டமாக முளைப்பது, பழுப்புச் செதில், நகரும் வளையம்: இவ்வளவும் சேர்ந்தால் எனக்குக் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற விஷக்காளான்மேல்தான் சந்தேகம். வெப்ப நாடுகளில் காளான் சாப்பிட்டு வாந்தியெடுப்பவர்களில் நிறையப் பேர் சாப்பிட்டது இதைத்தான். பார்க்க அழகாக, சுத்தமாக, சதைப்பற்றாக இருக்கும். இளசில் செவுள் வெள்ளை. முற்றும்போதுதான் பச்சை ஏறும். அதனால் காலையில் பறித்த இளங்காளானைப் பார்த்தால் ஒரு சந்தேகமும் வராது.

உறுதிசெய்ய வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. குடை நன்றாக விரிந்த காளானில் தண்டை ஒட்ட அறுத்துவிடுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று காகிதம் ஒட்டி, அதன்மேல் குடையைச் செவுள் கீழே படும்படி கவிழ்த்து வையுங்கள். மேலே ஒரு துளி தண்ணீர் தெளித்துக் கிண்ணத்தால் மூடுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் நிச்சயம் விழும், சில நேரம் ஐந்தாறு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். தூக்கிப் பார்த்தால் காகிதத்தில் தூள் படிந்திருக்கும். அதுதான் வித்துத்தூள். அதன் நிறத்தைப் பாருங்கள், செவுளின் நிறத்தை வைத்து முடிவுசெய்ய வேண்டாம்.

பச்சை என்றால் நான் சொன்ன விஷக்காளான். வெளிர் ரோஜா என்றால் புற்றுக்காளானுக்குப் பொருந்தும், வைக்கோல் காளானுக்கும் அதே குடும்ப நிறம்தான், இன்னும் சற்று அழுத்தமாக இருக்கும். வெள்ளை வந்தால் அமானிட்டா, லெப்பியோட்டா என்று ஆபத்தானவை பல அந்தப் பக்கம் இருக்கின்றன. கறுப்பு என்றால் சாணத்திலும் மட்கிய வைக்கோலிலும் வருபவை. ரோஜாத் தூள் வந்தாலே சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ரோஜாத் தூள் போடும் விஷக்காளானும் உண்டு. மற்ற அடையாளங்கள் எல்லாம் பொருந்தி, தூளும் பொருந்த வேண்டும்.

குடமுருட்டி_மருமகள் | சனி, காலை 10.30

இரண்டு வகையிலும் ஒவ்வொன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மதியத்துக்குக் கத்தரிக்காய் சாம்பார் ஆயிற்று.

வல்லம் ஐயா, கொழுந்தன் திரும்பப் போய் ஒன்றை வேரோடு எடுத்துவந்தார். நீங்கள் சொன்னபடியே வால் வந்தது. முழங்கைக்குக் கொஞ்சம் குறைவு, நுனியில் அறுந்துவிட்டது. அடியில் பை ஏதும் இல்லை. செவுள் தண்டைத் தொடவில்லை. விரிந்ததில் லேசாக ரோஜா தெரிகிறது. பெரிய வெள்ளையில் செவுள் வெள்ளையாகத்தான் இருக்கிறது, பச்சை எதுவும் தெரியவில்லை. கொழுந்தன் அதைக் காட்டித்தான் வாதாடுகிறார்.

இரவுப்பணி_செவிலி | சனி, காலை 11.10

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஐப்பசி மழையில் காளான் சாப்பிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால் அது பெரும்பாலும் குடலோடு நிற்கும் விஷம். மேலே சொன்ன பச்சைத்தூள் காளான் அப்படித்தான். பெரியவர்கள் ஒன்றிரண்டு நாளில் தேறிவிடுவார்கள். ஆனால் சின்னப் பிள்ளைக்கும் வயதானவர்களுக்கும் உடம்பில் நீர் வற்றுவதே உயிருக்கு ஆபத்தாகிவிடும். கூடவே வேறு வகையும் சேர்த்துச் சாப்பிட்டிருந்தால் சீக்கிரம் வாந்தி வந்ததை வைத்து நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது.

அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் வியர்த்து, எச்சில் ஊறி, கண்ணில் நீர் வழிந்தால் அது மஸ்கரின் என்ற இன்னொரு காளான் விஷம். அதற்கு மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி இருக்கிறது.

பயப்பட வேண்டியது தாமதமாகத் தொடங்குவதற்குத்தான். ராத்திரி சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் தூங்கி, 6 மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, வயிற்றுப்போக்கு தொடங்கினால் அமாடாக்சினாக இருக்கலாம். அது ஒரு நாள் வாட்டிவிட்டுத் தானாக நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். உள்ளே அந்த விஷம் கல்லீரல் செல்கள் புரதம் செய்வதையே நிறுத்திக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் கண் மஞ்சளாகும். அந்த நேரத்தில் வந்தால் எங்களால் செய்யக்கூடியது மிகவும் குறைவு.

சந்தேகம் வந்தால் உடனே 108. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். மிச்சமிருக்கும் பச்சைக் காளானைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும். சமைத்த குழம்பும் இருந்தால் எடுத்து வாருங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்று குறித்து வையுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். ஒரே சட்டியில் சாப்பிட்ட எல்லோரும் வர வேண்டும், எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்பவரும்தான்.

கோரையாற்றுக்காரன் | சனி, மதியம் 12.40

அந்த மூன்றாம் நாள் விவரம் எனக்குப் புதிது. பூண்டு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், அப்பாவிடமும் பேசிப் பார்த்தேன். அவரும் யோசித்துவிட்டு, நாங்கள் எடுப்பது புற்றுக்காளானும் போரடிக் காளானும் (வைக்கோல் காளான்) மட்டும்தானே என்றார். மூன்றாவது ஒன்றை அவர் எடுத்ததே இல்லையாம்.

அந்தப் போரடிக் காளான் பற்றியும் யாராவது எழுதுங்கள். எங்கள் பக்கம் புற்றைவிட அதுதான் அதிகம்.

வைக்கப்போர் | சனி, மதியம் 2.15

போரடிக் காளான் என் பாடம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருக்கிறேன்.

வைக்கப்போரின் அடியில் சண்டும் சாவியும் (கூளமும் பதரும்) ஊறிக் கிடக்கும் இடத்தில், வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நாளில், மண் நிறத்தில் முட்டை முட்டையாகக் கிளம்பும். சில மணி நேரத்தில் முட்டை கிழிந்து குடை வெளியே வரும். கிழிந்த ஓடு தண்டின் அடியில் பையாக நிற்கும். குடை சாம்பல், நடுவில் கறுப்பு. செவுள் முதலில் வெள்ளை, அப்புறம் ரோஜா, முற்றினால் பழுப்பு. தண்டில் வளையம் இருக்கவே இருக்காது. முட்டையாக இருக்கும்போது பறித்தால்தான் ருசி. 28 முதல் 35 டிகிரி வெப்பம் அதற்குப் பிடிக்கும் என்பதால் நம் டெல்டா அதற்கு ஏற்ற இடம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இதைப் பறித்துக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். மற்றக் காளான் குளிரில் தாங்கும், இது தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும். பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும்.

இப்போது போர் போடுவதே குறைந்துபோயிற்று. அறுவடை இயந்திரம் வந்து, வைக்கோலை உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கு ஒரு போர் இருந்த தெருவில் இப்போது மாடு வைத்திருப்பவர் வீட்டில் மட்டும்தான் போர். இளம் பிள்ளைகளுக்கு இந்தக் காளானைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. பார்க்காதவர்கள் எப்படி அடையாளம் தெரிந்துகொள்வார்கள்? எனக்கு இது உண்மையான வருத்தம்.

பூஞ்சை_படிப்பு | சனி, மாலை 4.00

வைக்கப்போர் அண்ணா சொன்ன அந்தப் பை முக்கியமான இடம். வைக்கோல் காளானுக்கும் அடியில் பை உண்டு, ஆளைக் கொல்லும் அமானிட்டாவுக்கும் பை உண்டு. முட்டைப் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குக் குடியேறியவர்கள், ஊரில் சாப்பிட்ட வைக்கோல் காளான் என்று நினைத்து அங்கே மரத்தடியில் முளைத்த அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற காளானைச் சமைத்துச் செத்திருக்கிறார்கள். அவர்கள் காளான் தெரியாதவர்கள் இல்லை. ஊர் மாறியது அவர்களுக்கு எமனாயிற்று.

பிரித்துப் பார்க்க இரண்டு விஷயம். அமானிட்டா உயிருள்ள மரத்தின் வேரோடு கூட்டு சேர்ந்து வாழ்வது, அதனால் மண்ணில் மரத்தடியில் வரும். வைக்கோல் காளான் மட்கும் வைக்கோலில் வரும். அமானிட்டாவின் தூள் வெள்ளை, இதன் தூள் ரோஜா. முட்டையாகப் பறித்தால் தூள் விழாது. எனவே ஒரே போரில் ஒன்றிரண்டை விரியவிட்டுப் பாருங்கள்.

நம் டெல்டாவின் தென்னை, வாழை, மா, மூங்கில் அமானிட்டாவுக்குத் துணை மரங்கள் அல்ல. அதனால் இங்கே அது பெரும்பாலும் வராது. ஆனால் கடலோரம் சவுக்குத் தோப்பு, மேட்டில் தைல மரத் தோப்பு இருக்கின்றன. அந்த மரங்களின் வேரோடு பூஞ்சை கூட்டு சேரும், அங்கே நான் எதையும் பறிக்கமாட்டேன். இன்னொன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் குடையாக, செதிலும் மெல்லிய வளையமும் கொண்ட லெப்பியோட்டா வகைகள் மரம் இல்லாமலே குப்பையிலும் தோட்டத்திலும் வரும். அவற்றில் சில அமாடாக்சின் உள்ளவை. செதில் போட்ட சின்னக் குடை எதுவானாலும் கூடைக்குள் வேண்டாம்.

சவுக்குத்தோப்பு | சனி, மாலை 5.20

வேதாரண்யம் பக்கத்திலிருந்து. இரண்டு கேள்வி. சவுக்குத் தோப்பில் மண்ணை முட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு அளவில் கெட்டியாக ஒன்று வருகிறது. பையன்கள் அதைச் சுட்டுத் தின்னலாமா என்கிறார்கள். அப்புறம், கஜா புயலில் தப்பிய தென்னை இரண்டின் அடியில் பழுப்பாகப் பளபளவென்று மரத்தட்டு மாதிரி காளான் ஒட்டியிருக்கிறது. மருந்துக் காளான் என்று ஒருவர் விலைக்குக் கேட்டார்.

பூஞ்சை_படிப்பு | சனி, மாலை 6.05

உருண்டை வேண்டவே வேண்டாம் அண்ணா. ஒன்றை நடுவில் வெட்டிப் பாருங்கள், உள்ளே கறுப்பாகவோ ஊதாக் கறுப்பாகவோ இருக்கும். அந்த வகையில் வாந்தி உண்டாக்குபவை இருக்கின்றன.

தென்னைக்கு உடனே கவனம் தேவை. அது கனோடெர்மா என்ற நோய்ப்பூஞ்சை. காளான் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே வேரும் அடித்தண்டும் அழுகத் தொடங்கி நாளாகிவிட்டது. இந்த நோய்க்கு தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர். 1952 புயலுக்குப் பிறகு அப்போதைய தஞ்சாவூர் மாவட்டக் கடலோரத்தில் பரவலாகத் தெரியவந்ததால் வந்த பெயர். தட்டை வெட்டி விற்பதால் மரம் பிழைக்காது. மரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தனிமைப்படுத்துங்கள், அந்த மரத்தில் பாய்ந்த தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகக்கூடாது. பக்கத்து மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து போடச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. திங்கட்கிழமையே வேளாண் அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

குடமுருட்டி_மருமகள் | சனி, மாலை 6.40

கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தோம். பெரிய வெள்ளையின் கீழே வெள்ளைக் காகிதத்தில் தெளிவான மங்கல் பச்சை! செவுள் வெள்ளையாகத்தான் இருந்தது, தூள் மட்டும் பச்சை. கொழுந்தன் ஒரு வார்த்தை பேசாமல் அந்தத் தாம்பாளத்தை எடுத்துப்போய்க் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். புற்றுக்காளானின் தூள் வெளிர் ரோஜா. மாமியார் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததை இப்போது நானும் தெரிந்துகொண்டேன்.

தொட்ட கையால் ஏதாவது ஆகுமா? நாளை காலை சமைக்கலாமா?

வல்லம்_மேட்டுக்காடு | சனி, இரவு 7.30

தொட்டதால் ஒன்றும் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இரண்டும் ஒரே கூடையில் வந்தன என்றீர்களே, புற்றுக்காளானில் பெரிய வெள்ளையின் துண்டோ செதிலோ ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சந்தேகமானதைத் தள்ளிவிடுங்கள். அடுத்த முறை கொழுந்தன் கையில் இரண்டு பை கொடுத்து அனுப்புங்கள்.

நாளைக்கு வைக்க வேண்டாம், இன்றைக்கே செய்துவிடுங்கள். விரிந்தவை மறுநாளைக்குள் கறுத்துப் புழு வைத்துவிடும். முதல் முறை சாப்பிடுபவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மட்டும். நல்ல காளானும் சிலருக்கு வயிற்றில் சேராது. பிள்ளைக்கு இந்த முறை வேண்டாம். சமைக்காத இரண்டைக் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஒரத்தநாடு_சமையல் | சனி, இரவு 7.45

கத்தியின் முதுகால் வாலில் இருக்கும் மண்ணைச் சுரண்டுங்கள். வாலின் நார்ப்பகுதியை நறுக்கிவிட்டு, மேல்பாதியை வைத்துக்கொள்ளலாம், அதில்தான் கடிக்கும் சுகம். குடையைக் கல் உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் செவுளுக்குள் இருக்கும் பூச்சி வெளியேறும். ஊறவைத்துவிடக்கூடாது, தண்ணீர் குடித்துவிட்டால் வாசனை போயிற்று. கத்தியால் வெட்டாமல் கையாலேயே நீளவாக்கில் கிழியுங்கள்.

மண்சட்டியில் நல்லெண்ணெய், சீரகம், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம் தாராளமாக. வெங்காயம் கண்ணாடியானதும் காளானைப் போட்டு, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து மூடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அதுவே விடும். அந்த நீர் அரைவாசி வற்றியதும் மிளகையும் சீரகத்தையும் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவி, எண்ணெய் பிரியும்வரை பிரட்டுங்கள். மொத்தம் இருபது நிமிடமாவது வேக வேண்டும். தக்காளி, கரம் மசாலா வேண்டாம். மஞ்சள் நிறத்துக்கும் மணத்துக்கும்தான், சோதனைக்கு இல்லை. சுடுசோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிடுங்கள்.

வைக்கப்போர் | சனி, இரவு 8.10

எங்கள் வீட்டில் குழம்புதான். மல்லி, வரமிளகாய், மிளகு, சோம்பு, ஒரு பிடி தேங்காய் வறுத்து அரைத்து, புளி மிகக் கொஞ்சமாகக் கரைத்துக் கொதிக்கவிட்டு, கடைசியில் காளான் போட்டு வேகவைப்போம். வைக்கோல் முட்டைக்காளான் குழம்பில் பொருந்தும். புற்றுக்காளானுக்கு மட்டும் மிளகுப் பிரட்டலை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதன் சொந்த ருசியை மல்லி அமுக்கிவிடும்.

கோரையாற்றுக்காரன் | ஞாயிறு, காலை 6.50

வயல் வரப்பில் வருவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. குறுவை அறுத்த வயல் ஓரம் நேற்று நிறைய முட்டை பார்த்தேன். இன்னொன்று, இந்தப் புற்றுக்காளானை வீட்டில் வளர்க்க முடியாதா?

பூஞ்சை_படிப்பு | ஞாயிறு, காலை 8.30

வரப்பில் குருணைப் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ போட்டிருந்தால் நல்ல இனக் காளானையும் எடுக்காதீர்கள் அண்ணா. மண்ணில் இருப்பதைக் காளான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கன உலோகங்களையும் சேர்த்து. நெடுஞ்சாலை ஓரம், சாக்கடைக் கரை, ஆலைக் கழிவு ஓடும் வாய்க்கால் ஓரமும் அப்படித்தான்.

புற்றுக்காளானைக் கரையான் வளர்க்கிறது. மென்று விழுங்கிய மரத்தூளையும் இலையையும் கழிவாக்கி, அதைக் கொண்டு கூட்டுக்குள் தட்டு தட்டாக அடுக்கி, அதில் இந்தப் பூஞ்சையை விளைய வைத்துத் தின்கிறது. கூட்டுக்குள் வெப்பம், ஈரம், காற்று எல்லாவற்றையும் பூச்சியே பார்த்துக்கொள்கிறது. கரையான் இல்லாமல் இதைப் பயிராக்கி விற்கும் அளவுக்கு இன்னும் யாரும் கொண்டுவரவில்லை. டெர்மிட்டோமைசிஸ் என்பது புற்றுக்காளானின் பேரினப் பெயர். அதில் ஹெய்மி என்ற இனத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979-இல் தென்னிந்தியாவிலிருந்து விவரித்தார்.

வீட்டில் வளர்க்க ஆசை என்றால் பால் காளான் இருக்கிறது. 1974-இல் மேற்கு வங்கத்திலிருந்து விவரிக்கப்பட்ட நம் நாட்டுக் காளான் அது. அருப்புக்கோட்டையில் உருவான ஏபிகே 2 ரகம் நம் வெயிலைத் தாங்கும், படுக்கைக்கு வைக்கோலே போதும்.

குடமுருட்டி_மருமகள் | ஞாயிறு, காலை 11.00

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குப் பெரியவர்கள் நாலு பேர் சாப்பிட்டோம். மிளகுப் பிரட்டல்தான். ஆளுக்கு ஒரு கரண்டி, மாமியாருக்கு மட்டும் இரண்டு. இதுவரை எல்லோரும் நலம். பிள்ளைக்கு அப்பளம் பொரித்துக் கொடுத்துச் சமாளித்தோம்.

வல்லம் ஐயா, அந்தப் புற்றில் மொட்டு இன்னும் நிற்கிறதாம். முழுக்க எடுக்கலாமா?

வல்லம்_மேட்டுக்காடு | ஞாயிறு, காலை 11.25

செவிலியம்மா சொன்ன கணக்குக்கு இன்று இரவுவரை எல்லோர் உடம்பையும் கவனியுங்கள். மொட்டில் பாதியை எடுங்கள், மீதி விரிந்து தூள் கொட்டட்டும். புற்றுமேல் டிராக்டர் ஏறாமலும் கரையான் மருந்து ஊற்றாமலும் பார்த்துக்கொண்டால் வருகிற ஆண்டும் அதே இடத்தில் வரும். கொழுந்தனை மாமியாரோடு கூட்டிப் போகச் சொல்லுங்கள், இடமும் பருவமும் அவருக்குத்தான் தெரியும்.

கோரையாற்றுக்காரன் | ஞாயிறு, மதியம் 12.05

அந்த வரப்பு பக்கத்து நிலத்துக்காரருடையது. கேட்டேன், போன வாரம் குருணை போட்டாராம். எடுக்கவில்லை. வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரம் ஒரு சின்னப் போர் இருக்கிறது, அதன் அடியில் நாலைந்து முட்டை தெரிகிறது. இரண்டை விரியவிட்டுத் தூள் எடுத்துப் போடுகிறேன். அப்பாவும் பார்க்க வேண்டும் என்கிறார்.